வழுக்காத கிரவுனும் புளிமூட்டு வளைவும்

சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்த வீட்டுக்காரனுக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்கிறேன்: இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. இதில் ஒன்று பொய் என்று யாராவது காட்டிவிட்டால், மீசையில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கொட்டாரத்திலிருந்து குளச்சல் வரை நடக்கத் தயார்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை தொங்கும். டிஃபரன்ஷியல் என்று பேர். பட்டறையில் நாங்கள் கிரவுன் என்போம். அதைத் திறந்து, உள்ளே பல் பார்த்து, தேய்ந்த பல்லை மாற்றி மூடி அனுப்புவதுதான் ஆயுசு முழுக்க என் பிழைப்பு. பல் டாக்டருக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் என்னிடம் வந்த நோயாளி யாரும் என் விரலைக் கடித்ததும் இல்லை.

மழையில், ஏற்றத்தில், ஒரு சக்கரம் சும்மா சுற்ற, மற்றது அசையாமல் நிற்க, பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்க, பக்கத்தில் இருக்கும் பெண்டாட்டி உங்களை ஒரு பார்வை பார்த்தாளே, அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வாய்த்திருந்தால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சக்கரம் தோண்டிய கிணறு

முதலில் நோயைச் சொல்கிறேன். சாதாரண கிரவுனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரெண்டு சக்கரத்தில் எது சேற்றில் வழுக்குகிறதோ அதற்கே இழுவையை எல்லாம் கொடுத்துவிடும். கெட்டித் தரையில் நிற்கிற நல்ல சக்கரத்துக்கு ஒன்றும் கிடைக்காது. பந்தியில் இலையை நீட்டிக்கொண்டு கூப்பாடு போடுகிறவனுக்கே மறுபடி மறுபடி பாயசம் ஊற்றுவதுபோல.

புதுக்கடைக்கு மேற்கே ஒரு மேட்டின் அடியில் என் வீடு. மேட்டின் உச்சியில் கிறிஸ்துதாஸின் வீடு. கல்ஃபில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன்; என்னைவிட இளையவன். பிள்ளைகள் வெளியூரில், அவனும் பெண்டாட்டி ரோஸ்லெட்டும் மட்டும்தான் மேலே. என் வீட்டு வாசலில் தொடங்கும் செம்மண் பாதை செங்குத்தாக ஏறி, பாதி வழியில் புளியமரத்து மூட்டில், அடிமரத்தை ஒட்டிச் சட்டென்று திரும்பும். அதுதான் புளிமூட்டு வளைவு. மழை பெய்தால் அங்கே கிறிஸ்துதாஸின் பழைய டீசல் ஜீப்பு நின்றுவிடும். இடது பின்சக்கரம் மட்டும் சுற்றும்.

போன மழைக்கு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. காலை எடுக்காமல் மிதித்தான். சக்கரம் சுற்றிச் சுற்றிப் பாதையோரத்தில் முதலில் சேறு பறந்தது, பிறகு செம்மண், பிறகு வெட்டுக்கல், பிறகு ஈர மணல். மதியம் ஆனபோது இளநீர்போலத் தண்ணீர் ஊற்றெடுத்தது. இன்றைக்கும் ரெண்டு வீட்டுக்காரர்கள் அதில்தான் குடம் முக்குகிறார்கள். நானும் குடித்துப் பார்த்தேன், லேசாக டயர் வாசம், மற்றபடி அமிர்தம். எட்டிப் பார்த்த வார்டு மெம்பர் சொன்னார்: “கிணறு வெட்டணும்னு நாம எத்தன மனு கொடுத்தோம், ஒரு கியரு போட்டா போதும்னு ஒருத்தனும் சொல்லல்லியே.”

ஞாயிற்றுக்கிழமைத் தூக்குவாளி

ஊருக்குக் கிணறு கிடைத்தது, கிறிஸ்துதாஸுக்குக் குடும்பம் போனது. ரோஸ்லெட்டுக்கு அப்போதுதான் முழங்காலில் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. நடந்து மேடு ஏற முடியாது. ஒரு மழை நாளில் ஜெபக்கூட்டம் முடிந்து ரெண்டு பேரும் ஜீப்பில் திரும்பும்போது வளைவில் சக்கரம் வழுக்கியது. இந்த மடையன், “எறங்கி சக்கரத்துக்கு அடியில ஒரு கல்லு வையேன்” என்றான். அவள் குடையோடு இறங்கி, வலிக்கிற காலை மடக்க முடியாமல் மடக்கிக் குனிந்தாள். அவன் அப்போது பார்த்து மிதித்தான். உச்சி முதல் பாதம் வரை, கல் தவிர்த்து மற்ற எல்லாம் அவள்மேல் வந்து விழுந்தது.

அவள் அதற்குமேல் ஜீப்பில் ஏறவில்லை. மேலே போகவும் இல்லை. குடையை ஊன்றிக் கீழே இறங்கி, என் வீட்டில் முகம் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்துப் புதுக்கடை சந்திப்பில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு ஞாயிறு தோறும் சபையில்தான் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்வது; ஆண்கள் பக்கத்தில் அவன், பெண்கள் பக்கத்தில் அவள். ஆராதனை முடிந்ததும் மீன்கறித் தூக்குவாளியை அவன் கையில் கொடுப்பாள், போன வாரத்துக் காலி வாளியை வாங்கிக்கொள்வாள். பேச்செல்லாம் வாளியைப் பற்றித்தான். மூடி சரியாக இருக்கிறதா, கழுவினீரா. அவன் மேட்டில் தனியாக உட்கார்ந்து, ஒரு வாளிக் கறியை ஆறு நாள் சூடாக்கிச் சாப்பிடுவான். ஆள் பாதியாகிவிட்டான். என் வீட்டுக்காரி பொன்னம்மை நியாயம் கேட்கப் போனபோது ரோஸ்லெட் சொல்லி அனுப்பினாள்: “மழையில அந்த வண்டி எப்போ புளிமூட்டை ஏறுதோ அண்ணைக்கு எனக்க பெட்டியும் ஏறும், அதுவரைக்கும் அவருக்கு மீன்கறி மட்டும் ஏறும்.”

விமானத்தில் வந்த உருண்டை

கல்ஃபில் பாலைவன மணலில் ஓடுகிற வண்டிகளுக்கு வேறொரு கிரவுன் உண்டு. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் அதை ஓரளவுக்கு மேல் தனியாக ஓட விடாது. மற்ற சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளும். கிறிஸ்துதாஸ் அங்கே அதைக் கண்ணால் பார்த்தவன். தன் ஜீப்புக்குப் பொருந்துகிற ஒன்றை அங்கே தேடிப் பிடிக்கச் சொல்லி, பழைய கூட்டாளி ஒருவன் லீவுக்கு வரும்போது கொண்டுவரச் செய்தான்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டி எக்ஸ்ரே மெஷினுக்குள் போனது. திரையில் மற்றதெல்லாம் தெரிகிறது. பால்பொடி டின், போர்வை, செண்டு பாட்டில். நடுவில் மட்டும் கறுப்பாக ஓர் உருண்டை. எக்ஸ்ரே அதன்மேல் மோதித் திரும்பிப் போய், பின்னால் நின்றவரின் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழுந்ததாகக் கேள்வி. இதென்ன என்று அதிகாரி கேட்டார். கூட்டாளிக்குச் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்துதாஸுக்குப் போன் போட்டு அதிகாரியிடமே கொடுத்துவிட்டான்.

இவன் கிரவுனில் ஆரம்பித்து, வளைவு, முழங்கால், சேறு, தூக்குவாளி என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். ஒரு நர்ஸ் பெண் கண்ணைத் துடைத்தாளாம். அதிகாரி போர்வையை மறுபடி உருண்டைமேல் சுற்றித் தன் கையாலேயே பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: “கொண்டு போய்க்கோ, ஏறிச்சுன்னா ஒரு போன் பண்ணணும் கேட்டோ, எனக்க வீட்டுக்குப் போற வழியிலயும் ஒரு வளைவு உண்டு.”

மஞ்சள் பூசிய பல்

வெளியூர்க்காரர் பலா என்கிற என் முற்றத்துச் சக்கை மரத்தடியில் வேலை. ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைமேல் நிறுத்தினோம். சக்கரங்களைக் கழற்றி, ரெண்டு பக்கமும் ஆக்சிலை உருவி, பழைய உருண்டையை வெளியே எடுத்தோம். புதியதைப் போர்வையிலிருந்து பிரித்து மடியில் வைத்தேன். ஒரு பக்கத்தைக் கையால் திருப்பினேன். மற்றப் பக்கமும் கூடவே திரும்பியது. உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கி, ஸ்பிரிங் போட்டு அழுத்தி வைத்திருக்கிறான். நீ வழுக்கினால் நான் விடமாட்டேன் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் தட்டுகள். எவன் மண்டையில் உதித்ததோ தெரியாது. எத்தனையோ கிரவுனைப் பிரித்த கை இது. அன்றைக்கு அதைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன்.

பெரிய பல்சக்கரத்தைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டினோம். அதன்பிறகுதான் கஷ்டமே. பல்லும் பல்லும் கடிக்கிற இடம் நடுவில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது ஊளையிடும், பிறகு உடையும். காகிதம்போல மெல்லிய தகடுகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செருகி ரெண்டு நாள் போனது. எங்கே கடிக்கிறது என்று பார்க்கப் பல்லில் சாயம் பூசிச் சுற்ற வேண்டும். பொன்னம்மையின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் பொடியை எடுத்துக் கிரீஸில் குழைத்துப் பூசினேன். கடைசித் தகட்டைப் போட்டுச் சுற்றினேன். ஒவ்வொரு பல்லிலும், சரியாக நடுவில், மஞ்சள் விலகி ஒரு நெல்மணி வடிவம். வரைந்து வைத்ததுபோல. கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனோம். மரச்சீனிக் கிழங்கும் தின்று கைகழுவித் திரும்பி வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. பொன்னம்மை காலி அஞ்சறைப் பெட்டியோடு வந்து நின்று சொன்னாள்: “அது நல்லா சுத்தட்டும், இண்ணைக்கு உங்க ரெண்டு பேருக்கும் வெள்ளை மீன்கறிதான்.”

வாயுள்ள கிரவுன்

சக்கரங்களை மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஜீப்பை இறக்கினோம். கிறிஸ்துதாஸ் ஏறி முற்றத்தில் ஒரு வட்டம் திருப்பினான். அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது பாருங்கள். நடுவயிற்றிலிருந்து, நீளமாக. கோழிகள் கூட்டுக்குள் ஓடின. சக்கை மரத்திலிருந்து ரெண்டு பிஞ்சு தானாகக் கழன்று விழுந்தது. குளச்சல் கடலில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் காற்று திரும்பிவிட்டது என்று கரைக்கு வந்ததாகக்கூடச் சொல்கிறார்கள். அதை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்குக் காரணம் தெரியும். இந்தத் தட்டுகளுக்குச் சாதாரண கியர் எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. கூடவே ஒரு சிறு பாட்டில் மருந்தெண்ணெய் வந்திருந்தது, அதையும் கலக்க வேண்டும். அதைக் கலந்து, முற்றத்திலேயே எட்டுப் போட்டுப் போட்டுத் திருப்பச் சொன்னேன். முனகல் மெல்ல மெல்லக் குறைந்து, பூனை உறுமல் ஆகி, நின்றது. அதற்குள் ரப்பர் பால் எடுத்துக்கொண்டு போன ஒரு பையன் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனான்: “பாட்டா, மாடு ஈனுதுக்குக் கஷ்டப்படுதா, டாக்டரை விளிக்கட்டா?”

ஒரு காலைத் தூக்கிய ஜீப்பு

மறுநாள் மதியம் பொன்னம்மை சக்கைக் கூட்டு வைத்து ரோஸ்லெட்டைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிடச் சொன்னது யார் என்பது இங்கே தேவையில்லை. அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் குடை, கைப்பை. கிறிஸ்துதாஸைப் பார்த்து, “வாளி கொண்டாந்தீரா?” என்றாள். “மேலே இருக்கு” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு சோதனை பாக்கி என்றேன். எங்கள் தொழிலில் இது வழக்கம்: பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கிவந்து காதைக் கொடுப்போம். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருப்பது அசையாது, கிரவுனில் சத்தம் இருந்தால் தெரிந்துவிடும். எந்தப் பட்டறையிலும் இப்படித்தான். இடது சக்கரத்தைத் தூக்கினேன். முன்சக்கரம் உருளாதபடி முட்டாக, பக்கத்தில் கிடந்த ரெண்டு தேங்காய்க் கதம்பையை, உரித்துப் போட்ட மட்டையை, வைத்தேன். ஜீப்பின் மூக்கு வாசலைப் பார்த்து, வாசலுக்கு நேரே மேட்டுப்பாதை.

மழை சடசடவென்று இறங்கியது. ரோஸ்லெட்டுக்கு ஓடிப்போய் வீட்டுத் திண்ணையில் ஏற முடியாது. “அங்கண நனையாண்டாம், வண்டிக்குள்ள இரி” என்று முன் சீட்டைக் காட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். கிறிஸ்துதாஸ் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். தூக்கிய சக்கரம் சுற்றியது. அவன் இறங்கிப் பின்னால் என் பக்கத்தில் வந்து குனிந்து காதைக் கொடுத்தான். சத்தமே இல்லை. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னான்: “அண்ணாச்சி, தரையில நிக்க சக்கரமும்லா அனங்கி நகருது.”

புளிமூட்டில்

சாதாரண கிரவுனுக்குத்தான் அந்தச் சோதனை. இது ஒரு சக்கரத்தை மட்டும் சும்மா சுற்ற விடாத கிரவுன். தரையில் நின்ற வலது சக்கரத்தையும் பைய உந்தியது. கதம்பை ரெண்டும் சப்பென்று அமுங்கின. ஜாக்கி சாய்ந்தது. ஜீப்பு ஒருமுறை குனிந்து எழுந்து, வாசலைத் தாண்டி, ரோஸ்லெட்டோடு மேட்டில் ஏற ஆரம்பித்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

கிறிஸ்துதாஸ் கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடினான். ரெண்டு எட்டில் வழுக்கி விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வெட்டுக்கல் சுவர், நடுவில் சக்கரம் பதிந்த ரெண்டு சால். ஜீப்பு அந்த ரெண்டு சால் வழியாகவே, அவசரம் இல்லாமல், நடை வேகத்தில் போனது. மேலேயிருந்து செம்மண் தண்ணீர் எதிர்த்து வந்தது. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

வளைவு வந்தது. உள்ளே இருந்து ஒரு கை நீண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியது தெரிந்தது. இடது சக்கரம் கிணற்றை ஒட்டிய அந்தப் பழைய சேற்றில் இறங்கியது. வழுக்கியது. அரைச் சுற்று வீணாகச் சுற்றியது. என் நெஞ்சும் கூடச் சுற்றியது. அப்போது வலது சக்கரம் வெட்டுக்கல்லைக் கடித்தது. நான் மஞ்சள் பூசிப் பார்த்த அந்தப் பற்கள், ஒன்றும் பிசகாமல், மழையில், ஒரு மனுஷியைச் சுமந்துகொண்டு அத்தனை எடையையும் தூக்கின. ஜீப்பு எழுந்தது, திரும்பியது. மரத்தில் தாழ்ந்து கிடந்த ஒரு கொம்பு தானாக மேலே உயர்ந்து வழிவிட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். காற்று என்று பொன்னம்மை சொல்கிறாள். அன்றைக்குக் காற்றே இல்லை. எத்தனை வருஷம் இந்த உருண்டைக்கு அடியில் மல்லாந்து கிடந்திருக்கிறேன். அது வேலை செய்வதைத் தூர நின்று பார்த்தது அன்றைக்குத்தான். ஏனோ தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துதாஸ் நாலு காலிலும் ரெண்டு காலிலுமாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். பொன்னம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். ஜீப்பு வீட்டு முற்றத்தில் நின்றிருந்தது, என்ஜின் அணைந்து. ரோஸ்லெட் கைப்பையிலிருந்து தன் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, உள்ளே கழுவாமல் கிடந்த தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இவன் சேற்றுப் பொம்மையாக நின்று, மூச்சு வாங்க, “ஒனக்கு ஒண்ணும் ஆகல்லியே? முன்னால அந்தக் கறுப்புக் குமிழ் இருக்குல்லா, ஸ்டாப்பர், அத இழுத்திருந்தா என்ஜின் அணஞ்சு அங்கணயே நின்னிருக்குமே” என்றான். வாளியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ரோஸ்லெட் சொன்னாள்: “ஸ்டாப்பர் எனக்க கைக்கிட்டதான் இருந்து, ஏறட்டும்னு விட்டேன்.”

அதோடு விஷயம் முடிந்தது. பெட்டி அன்று சாயங்காலமே ஏறிவிட்டது. ஜீப்பு தானாகவே மனசிலாக்கி அவளைக் கொண்டுசேர்த்தது என்று கிறிஸ்துதாஸ் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டான். நன்றியாக மீன்கறி இப்போது என் வீட்டுக்கு இறங்கி வருகிறது. பொன்னம்மை மட்டும், முற்றம் நிறையப் பாறாங்கல் கிடக்கும்போது கதம்பையை எதற்கு எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் மழை இருட்டில் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆயுசு முழுக்கக் கிரவுன் பார்த்ததில் நான் கற்றது, எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், எங்கே கொடுத்ததுபோல் இருந்தால் போதும் என்பது ஒன்றுதான். ஆகையால் மேட்டிலிருந்து வரும் மீன்கறி நிற்காமல் இருக்க வேண்டுமென்றால், இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று ஒருவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.